சர்க்கரை போன பிறகு மிஞ்சும் பழம்

பழ பீர் என்றதும் முகத்தைச் சுளிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. 'பீர்னா கசக்கணும், இதென்ன ஜூஸ்' என்பவர்கள் ஒரு வகை. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, 'பழம்னு போட்டிருக்கான், கொஞ்சம்கூட இனிக்கலையே' என்பவர்கள் இன்னொரு வகை. சனிக்கிழமை ராத்திரி என்னோடு உட்கார்ந்திருந்த நண்பன் முதல் வகையில் ஆரம்பித்து, கிளாஸ் பாதி ஆவதற்குள் இரண்டாம் வகைக்கு வந்து சேர்ந்தான். இந்தப் பதிவு இரண்டாம் வகைக்காரர்களுக்கு. முதல் வகையோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

நாங்கள் திறந்தது ஒரு சின்ன புரூவரியின் ராஸ்ப்பெர்ரி சவர், அதாவது புளிப்பு பீர். ஆல்கஹால் 4.5 சதவீதம். ஊற்றும்போதே நுரை ரோஸ் நிறத்தில் பொங்கி எழுந்தது. கேமராவை எடுப்பதற்குள் சோடா நுரை போலச் சலசலத்து அடங்கியும் விட்டது. புளிப்பு பீர்களில் பெரும்பாலும் நுரை நிற்காது, அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடியில் இருந்த திரவம் நல்ல சிவப்பு, லேசான கலங்கல். பழத்தின் தோலிலும் சதையிலும் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் காரணம். அமிலம் கூடக் கூட அது சிவந்துகொண்டே போகும். அதனால்தான் புளிப்பு பீரில் பெர்ரிப் பழங்கள் இவ்வளவு எடுப்பாகத் தெரிகின்றன.

கிளாஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் பழுத்த ராஸ்ப்பெர்ரி, அதுவும் கையில் நசுங்கிய பழத்தின் வாசனை. அதற்குப் பின்னால் ஈரக் கோதுமை மாதிரி ஏதோ ஒன்று. இதை முகர்ந்துவிட்டு வாயில் வைக்கிறவன் இனிப்பைத்தான் எதிர்பார்ப்பான். வாயில் விழுவதோ வெறும் புளிப்பு. நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கி, கடைவாய்ப் பக்கம் எச்சில் ஊறி, 'டேய், பல்லு கூசுதுடா' என்றான் நண்பன். விழுங்கிய பிறகு பழ வாசனை மறுபடி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறி வருகிறது. கடைசியில் விதையைக் கடித்த மாதிரி ஒரு மெல்லிய துவர்ப்பு. மூக்கு ஒன்று சொல்ல, நாக்கு வேறொன்று சொல்கிறது. எனக்குப் பழ பீரில் பிடித்ததே இந்த முரண்பாடுதான். இரண்டும் ஒத்துப்போய்விட்டால் அப்புறம் அது குளிர்பானம்.

இனிப்பு எங்கே போனது? ஈஸ்ட் தின்றுவிட்டது. பழத்தில் இருக்கும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றுமே ஈஸ்டுக்கு மால்ட் (முளைகட்டிய தானியம்) தரும் சர்க்கரையைவிடச் சுலபமான தீனி. தொட்டியில் பழக்கூழைக் கொட்டியதும் நொதித்தல் மறுபடி கிளம்பி, சில நாட்களில் அந்தச் சர்க்கரை எல்லாம் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். அமிலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மணம் கொஞ்சம் வாயுவோடு வெளியேறும், மிச்சம் தங்கும். ஆக, நாம் குடிப்பது சர்க்கரையை உருவிவிட்ட பழம். சர்க்கரை போன பிறகும் 'நான்தான்' என்று சொல்லத் தெரிந்த பழங்கள்தான் பீருக்கு ஆகும்.

ராஸ்ப்பெர்ரிக்கு அது தெரியும். அதில் சர்க்கரையே நூற்றுக்கு நாலு, ஐந்து பங்குதான். அதன் குணம் முழுக்கப் புளிப்பிலும் மணத்திலும் இருக்கிறது. புளிப்புச் செர்ரி, பேஷன் ஃப்ரூட், ஏப்ரிகாட் இவையும் தாக்குப்பிடிக்கும். ஸ்ட்ராபெர்ரி பாவம்; நொதித்ததும் நிறமும் மணமும் சேர்ந்தே வடிந்துவிடும். மாம்பழத்தில் சர்க்கரை 14 சதவீதம் பக்கம் வரும். அது போனதும் சதைப்பற்றான மணமும் ஒரு பிசின் வாடையும் மட்டும் மிஞ்சும். நல்ல கையில் அது அருமையாக வரும். அன்றைக்கு நாங்கள் இரண்டாவதாகத் திறந்த மாம்பழ பீர் அந்தக் கையில் செய்ததல்ல. முகர்ந்ததுமே மிட்டாய்க் கடை. குடித்தால் முன்வாயில் ஒரு இனிப்பு, பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். கேனைத் திருப்பிப் பார்த்தால் பொருட்கள் பட்டியலில் மாம்பழமே இல்லை, 'ஃப்ளேவர்' என்று மட்டும் இருந்தது. வாங்குவதற்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். பழக்கூழ், பழச்சாறு என்று இருந்தால் நம்பி எடுக்கலாம். எசன்ஸ் ஊற்றிய பீரில் வாசனை முதல் மடக்கோடு முடிந்துவிடும்.

இனிக்கிற பழ பீர்களும் இருக்கின்றன. அதற்கு வெவ்வேறு தந்திரங்கள். பால் சர்க்கரையான லாக்டோஸைச் சேர்த்தால் பீர் ஈஸ்டால் அதைத் தொட முடியாது, இனிப்பு அப்படியே நிற்கும். மில்க்‌ஷேக் ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஒரு பீர்) என்று விற்பதெல்லாம் இந்த வகை. 'ஸ்மூத்தி சவர்' இன்னும் ஒரு படி மேலே போய், நொதித்தல் முடிந்த பிறகு கூழை அள்ளி ஊற்றி, அது மறுபடி நொதிக்காமல் குளிரிலேயே வைத்திருப்பது. அதை வாங்கி வெளியே வைத்துவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். கேன் உப்பி வெடிக்கவும் செய்யும். குடிக்கக் கெட்டியாக, சுவையாகத்தான் இருக்கும். இரண்டாவது கிளாஸ் யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

பழமே போடாமல் பழ வாசனை வருவதும் உண்டு. ஜெர்மன் கோதுமை பீரில் வரும் வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், அதாவது ஒரு மணப்பொருள். அந்த ஈஸ்டே தயாரிப்பது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் சிட்ரா, மொசைக் போன்ற ரகங்கள் மாம்பழத்தையும் பேஷன் ஃப்ரூட்டையும் தாமாகவே கொண்டுவரும். என்னைக் கேட்டால், அன்றைய மாம்பழ எசன்ஸ் பீரைவிட சிட்ரா போட்ட ஒரு நல்ல பேல் ஏல் பீரில் மாம்பழம் அதிகம்.

இதற்கெல்லாம் மூத்தது பெல்ஜியத்தின் லாம்பிக் என்ற புளிப்பு பீர். கிராஃப்ட் பீர் என்ற பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே பிரசல்ஸ் வட்டாரத்தில் பழம் ஊறிக்கொண்டிருந்தது. காய்ச்சிய தானியச் சாற்றை அகலமான, ஆழமில்லாத ஒரு தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்தே ஆறவிடுவார்கள். ஈஸ்ட் எதையும் தூவுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாய் மரத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும்தான் நொதிக்க வைக்க வேண்டும். அதனால் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கிடந்த பிறகு, அதில் புளிப்புச் செர்ரியை முழுப் பழமாகக் கொட்டினால் க்ரீக். பிரசல்ஸில் 1900இல் தொடங்கிய கான்டியோன் போன்ற பழைய முறைக்காரர்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் பழம் போடுகிறார்கள்.

க்ரீக்கை நிதானமாகக் குடித்தால் செர்ரிக்கு அடியில் பாதாம் தட்டுப்படும். பாதாம் யாரும் போடவில்லை. கொட்டையோடு ஊறும்போது அதனுள் இருக்கும் அமிக்டலின் உடைந்து பென்சால்டிஹைடு பிரிகிறது. பாதாம் எசன்ஸின் மணமும் அதுதான். கொட்டை நீக்கிய கூழில் செய்த செர்ரி பீரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். முன்னது பழம் மட்டும். இதில் பழம், தோல், கொட்டை, மரம் எல்லாம் இருக்கிறது. கூடவே குதிரைச் சேணத்தை முகர்ந்த மாதிரி ஒரு வாடை. பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டின் வேலை அது. சிலருக்கு அது குமட்டும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதே க்ரீக் என்ற பெயரில் சர்க்கரையும் சாறும் கலந்து இனிப்பாக வரும் பாட்டில்களும் கடையில் நிறைய. பழக்கமில்லாதவர்களுக்கு அது சுலபமான வாசல், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இருமல் மருந்து நினைவுதான் வருகிறது.

குடிக்கிற விதம் பற்றியும் ஒரு வார்த்தை. கேனிலிருந்து நேராகக் குடித்தால் மூக்குக்கு எதுவும் கிடைக்காது, பழம் போட்ட காசு வீண். ஒயின் கிளாஸ் மாதிரி வாய் குறுகியது நல்லது. ஐஸ் மாதிரி குளிர வேண்டாம், எட்டு, பத்து டிகிரி போதும். நாங்கள் குடித்த ராஸ்ப்பெர்ரிகூட ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டில், அதாவது குளிரில், வெறும் புளித்தண்ணீராகத்தான் இருந்தது. கால் மணி நேரம் மேஜையில் இருந்த பிறகுதான் பழம் வெளியே வந்தது.

அப்புறம் தேதி. க்ரீக்கை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு, ஆனால் அதிலும் முதலில் மங்குவது பழம்தான். ராஸ்ப்பெர்ரி அதற்கும் தாங்காது. சிவப்பு செம்பட்டையாகி, மணம் ஜாம் பக்கம் திரும்பிவிடும். தள்ளுபடியில் பழைய கேன் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். புதிதாக வந்ததை வாங்கி அந்த மாதமே குடித்துவிடுங்கள்.