வெள்ளவத்தை முற்றத்தில் கார் ஏற்ற அனுமதி எடுத்த கதை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்குக் கார் வாங்குவது பெரிய விஷயமில்லை, அதை எங்கே விடுவது என்பதுதான் விஷயம். தனி வீடு இருந்த வளவெல்லாம் மாடிக் குடியிருப்பாகிவிட்டது. அங்கே வரும் விருந்தாளிகளின் வாகனங்கள், பிள்ளைகளை ஏற்ற வரும் ஸ்கூல் வேன்கள், சாமான் இறக்கும் லொறிகள் எல்லாம் ஒழுங்கையில்தான். எங்களுடையது இன்னும் உடைபடாத பழைய வீடு, காணி ஆறு பேர்ச்சஸுக்குக் கொஞ்சம் கூட. கேற் ஆள் போய்வர மட்டும் காணும். முன்மதிலை உடைத்து அகலக் கேற் போட்டு முற்றத்துக்குள் காரை ஏற்றுவோம் என்று வீட்டில் முடிவானது.

பார்க்க வந்த மேசன் பாஸ் மதிலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதுக்கெல்லாம் பெர்மிஷன் எதுக்கு சார்? சனிக்கிழமை உடைச்சா அடுத்த கிழமை கேற் நிக்கும்" என்றார். அப்படிச் செய்தவர்கள் ஊரில் நிறையப் பேர். ஆனால் வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறது, நாளைக்கு விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ போனால் அனுமதியில்லாத வேலை அப்போது தலை நீட்டும். கொழும்பில் கட்டட வேலைக்கு 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இரண்டுமே பொருந்தும். எங்களைப் போன்ற சின்ன வேலைக்கு மாநகர சபைதான் வாசல். பாஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு காணி உறுதி, சேவையர் (நில அளவையாளர்) கீறிய பிளான், சபைக்குச் சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு சபை இருக்கும் டவுன்ஹோல் போனேன். வரி நிலுவை இருந்தால் மற்ற எந்தக் கதையும் நகராது. நல்ல வேளையாக அம்மா ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 31க்கு முன்பே முழு வருஷத்துக்கும் கட்டிப் பத்து வீதக் கழிவை எடுத்துவிடுவார்.

முதலில் எடுக்க வேண்டியது ஸ்ட்ரீட் லைன் சேர்ட்டிபிக்கட். காணி விற்கிறவர்களும் வங்கிக் கடன் எடுக்கிறவர்களும் இதை அறிவார்கள். மதில் உடைக்கிறவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வீதியையும் பிற்காலத்தில் எவ்வளவு அகலமாக்கலாம் என்று சபை ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது, அதுதான் ஸ்ட்ரீட் லைன். அந்தக் கோடு பல இடங்களில் நம்முடைய மதிலுக்கு உள்ளே விழும். காணி இன்றைக்கும் நம்முடையதுதான், யாரும் வந்து பிடுங்கப் போவதில்லை. பழைய மதில் நிற்கும் வரை நிற்கலாம். உடைத்துப் புதிதாகக் கட்டினால் கோட்டுக்குப் பின்னால்தான் கட்ட வேண்டும். கேற் தூணும் புதுக் கட்டுமானம் என்றுதான் கணக்கு.

எங்கள் மதிலிலிருந்து வீட்டுப் படி வரை 5.2 மீற்றர். கோடு 0.9 மீற்றர் உள்ளே விழுந்தது. மிஞ்சியது 4.3. எங்கள் வேகன் ஆர் 3.4 மீற்றர் நீளம், அது போகும். தம்பி வாங்க நினைத்திருந்த அக்வா கிட்டத்தட்ட 4 மீற்றர், மூக்கு படியிலும் வால் கேற்றிலும் முட்டாமல் விடுவதற்குத் தனித் திறமை வேண்டும். மச்சானின் கேடிஎச் வேனைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. கேற்றை வீதிப் பக்கம் திறக்கும்படி வைக்க முடியாது, உள்ளே திறந்தால் கார் நிற்கும் இடத்தைத் தின்னும். அதனால் மதிலோடு சேர்ந்து ஓடும் தள்ளு கேற். இந்தக் கணக்கு தெரியாமல் முதலே கேற்றுக்கு ஓர்டர் கொடுத்திருந்தால் இரும்புக் காசு போயிருக்கும். ஆகவே பாஸைக் கூப்பிட முதல், கேற் கடைக்குப் போக முதல், கோட்டைக் கேளுங்கள். சேவையரைக் கொண்டு அதை நிலத்தில் முளை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கடதாசியில் பார்த்தால் யாருக்கும் உறைக்காது.

பிளான் கீறிக் கொடுத்த பிறகு சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தார். மதிலைவிட நிலத்தைத்தான் அதிகம் பார்த்தார். முற்றத்தின் நடுவில் சாக்கடைக் குழாயின் மேன்ஹோல் இருக்கிறது. கொழும்பின் கழிவுக் குழாய்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டவை. நகரத்துக் கழிவில் ஒரு பங்கு வெள்ளவத்தைக் கடலுக்குள் நீளும் குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. எங்கள் மேன்ஹோல் மூடி ஆள் நடக்கப் போட்ட மெல்லிய சீமெந்து மூடி, கார்ச் சில்லு ஏறினால் நொறுங்கும். வாகனப் பாரம் தாங்கும் வார்ப்பிரும்பு மூடிக்கு மாற்றச் சொன்னார். அதோடு, முற்றம் முழுக்கக் கொங்கிறீட் போட்டு மழைத் தண்ணீரை அந்தக் குழிக்குள் விடக் கூடாது என்றும் சொன்னார். மழைத் தண்ணீர் வீதியோர வடிகாலான கானுக்கு, கழிவு குழாய்க்கு. இரண்டையும் கலந்தால் பெருமழையில் யாரோ ஒருவருடைய குளியலறையில் மேலே வரும். அது நாங்களாகவும் இருக்கலாம்.

இதைக் கேட்டதும் அம்மாவுக்குச் சந்தோஷம். முற்றம் முழுக்கச் சீமெந்தாக்கும் யோசனை அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. சில்லு ஓடும் இரண்டு பட்டிக்கு மட்டும் கொங்கிறீட், நடுவில் புல், ஓரத்தில் அவருடைய செவ்வரத்தையும் கறிவேப்பிலையும் அப்படியே. செலவும் குறைவு. இன்டர்லொக் கல் பதித்துப் பளபளப்பாக வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஏதோ பெற்றோல் ஷெட் மாதிரித்தான் தெரியும்.

மூலையில் நின்ற ஈரப்பலா மரம் அடுத்த தலையிடி. பாஸின் பார்வையில் அது அரை நாள் வேலை. ஆனால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கிராம சேவகரிடம் தொடங்கிப் பிரதேச செயலகம் போக வேண்டும், எங்களுக்கு அது திம்பிரிகஸ்யாய. நான் கிராம சேவகரிடம் விசாரித்துவிட்டு வந்து, கேற் ஓடும் பக்கத்தை வலமிருந்து இடமாக மாற்றினால் மரத்தைத் தொடவே தேவையில்லை என்று பிளான் கீறியவருக்குச் சொன்னேன். மாற்றினார். மரம் நிற்கிறது. இனி ஈரப்பலாக்காய் கார்க் கூரையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது எங்கள் பாடு.

கூரை விஷயத்தில்தான் எங்களுக்கு முழு மனது இல்லை. வெயிலுக்கும் கடல் உப்புக் காற்றுக்கும் காரை மூட அமானோ கூரைத் தகடு போடலாம் என்று நினைத்திருந்தோம். ஸ்ட்ரீட் லைனுக்கு உள்ளே இன்னொரு கோடு, கட்டட எல்லைக் கோடு இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நிரந்தரக் கட்டடம் வர முடியாது. திறந்த இடத்தில் கார் நிற்பது ஒன்று, அதற்குமேல் தூண் நாட்டிக் கூரை போடுவது வேறொன்று. கழற்றக்கூடிய கூரையாக இருந்து, வீதி அகலமாகும்போது நட்டஈடு கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார்கள். அம்மா அப்படியொரு கடதாசியில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். நான் வைக்கலாம் என்றுதான் சொன்னேன், எழுபது வருஷமாக அகலமாகாத ஒழுங்கை இனி என்ன ஆகப் போகிறது! வீட்டில் என் வாக்கு எடுபடவில்லை. இப்போது காருக்குத் துணி உறைதான்.

கானுக்கு மேல் சிலாப் போடுவதும் நடைபாதை ஓரத்தைத் தாழ்த்துவதும் தனி. கான் மாநகர சபையுடையது, நம்முடைய பாஸ் அதை உடைக்க முடியாது. சிலாப்பைத் தூக்கிக் கானைத் துப்புரவு செய்யக்கூடிய மாதிரித் துண்டு துண்டாகப் போட வேண்டும். சரிவுப் பாதை நம்முடைய எல்லைக்குள்தான் தொடங்க வேண்டும், நடைபாதையில் ஏற்றிப் போடக் கூடாது. தண்ணீர் மீற்றர் கேற் வரும் இடத்தில் இருந்தது, அதை நகர்த்த நீர் வழங்கல் சபைக்குத் தனி விண்ணப்பம். மின்கம்பம் நல்ல காலமாக எதிர்ப்பக்கம்.

எதிர்வீட்டு அண்ணைக்கு மட்டும் கொஞ்சம் மனக்குறை. எங்கள் மதிலோரம் இருபது வருஷமாகத் தன் காரை விட்டவர். "உங்களுக்கு ஒரு இடம் கிடைச்சது, ஒழுங்கைக்கு ஒரு இடம் போச்சு" என்றார். கணக்குச் சரிதான், மறுக்க முடியவில்லை. பகலில் எங்கள் கார் வேலைக்குப் போன பிறகு கேற் முன்னால் விடச் சொல்லியிருக்கிறேன், பின்னேரம் ஐந்தரைக்கு எடுத்துவிட வேண்டும். சில நாள் எடுக்கிறார், சில நாள் ஹோர்ன் அடிக்க வேண்டியிருக்கிறது.

வேலை முடிந்ததும் பலர் விட்டுவிடும் ஒன்று, இணக்கச் சான்றிதழ். அனுமதித்த பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்று சபை வந்து பார்த்துத் தருவது. நாங்கள் விண்ணப்பித்து எடுத்து, உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறோம்.