அரங்கு வீட்டு நாட்குறிப்பு: நாயும் பூனையும் உள்ள வீட்டில் கினிப்பிக்கும் ஹாம்ஸ்டரும்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

பாளையங்கோட்டை, பழைய ஓட்டு வீடு. இருப்பது கன்னி என்னும் வேட்டை இன நாய் ஒன்று, ஒரு நாட்டுப் பூனை. வரப்போவது பெட்டைக் கினிப்பிக் இரண்டு, ஹாம்ஸ்டர் ஒன்று; எல்லாம் கொறித்துத் தின்னும் சின்னப் பிராணிகள். கூண்டு வாங்கும் முன் அறையை முடிவு செய்தாக வேண்டும். தார்சா, அதாவது முன்கூடம், நாய் படுக்கும் இடம். நடுக்கூடமான பட்டாசல் பூனையின் ராஜ்யம். அடுக்களையில் புகையும் தாளிப்பும். மிஞ்சுவது அரங்கு, சாமான் வைக்கும் உள்ளறை. கனத்த சுவர், நேர் வெயில் இல்லை, வாசல் ஒன்றே ஒன்று.

ஒரே வாசல் என்பது பலம். சித்திரை மாதத்தில் அதுவே கண்டம். கதவைச் சாத்தினால் காற்று நின்றுவிடும், மூத்திர நெடி தேங்கும், உள்ளே புழுங்கும். கினிப்பிக்குக்கு வேர்க்காது, 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. பூனைக்குப் பயந்து கதவை அடைத்து, வெக்கைக்குப் பலி கொடுப்பது நம்ம ஊரில் மிக எளிது. ஆகவே வேலை இதுதான்: காற்று உள்ளே வர வேண்டும், பூனை வரக் கூடாது.

பழக்கிவிடலாம் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுவது நல்லது. கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டிய சாதி. ஓடுவது கண்ணில் பட்டால் பாயும். அது நாயின் குற்றமில்லை. பூனை ஆறு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், ஏழாம் மாதம் கை போடும். தாழ்ப்பாளை நம்பலாம், குணத்தை நம்பக் கூடாது.

ஏப்ரல் 9, புதன்

அரங்குக்கு வலைக்கதவு. பழைய மரக்கதவு அப்படியே இருக்கும். அதற்கு உள்பக்கமாக இரண்டாவது கதவு. ஒன்றரை அங்குல மரச்சட்டம், அரை அங்குலச் சதுரக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை). கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோண வலை வேண்டாம். நாய் ஒரு முறை முன்னங்காலால் இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். கொசுவலை அதைவிட மோசம், பூனை நகத்துக்கு அது காகிதம்.

வலையைச் சட்டத்தின் உள்முகத்தில் வைத்து, மேலே பட்டை ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) போட்டு, மூன்று அங்குலத்துக்கு ஒரு திருகாணி. ஆணி அடித்தால் நாளடைவில் இளகும். கதவு அடியில் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பழைய வீட்டுத் தளம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், கதவை முழுக்கத் திறந்து மூடி ஒவ்வொரு கோணத்திலும் அளக்க வேண்டும். கொண்டி இரண்டு: ஒன்று நெஞ்சு உயரத்தில், ஒன்று தரையிலிருந்து ஒரு சாண் மேலே. மேலே மட்டும் போட்டால் நாய் கீழ் மூலையை முட்டி வளைத்து மூக்கை நுழைத்துவிடும்.

கதவின் கீழ் இரண்டடிக்கு மட்டும் பிளைவுட் பலகை. வலை வழியே பூனை உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்தால், தொடாமலேயே கினிப்பிக் தீனியை விட்டுவிடும். அப்படிப் பட்டினி கிடந்தால் அதன் குடல் ஓடாமல் நின்றுபோகும். ஒரு நாள் தாண்ட விடக் கூடாது.

ஏப்ரல் 18, வெள்ளி

கூண்டுகள். கினிப்பிக் இரண்டுக்குத் தரைப்பரப்பு ஏழரைச் சதுர அடிக்குக் குறையக் கூடாது. இங்கே ஐந்தடிக்கு இரண்டடி, மேல்மூடி கட்டாயம். கடையில் விற்கும் கம்பிக்கூண்டில் கம்பிக்குக் கம்பி ஓர் அங்குலம் இருக்கிறது. பூனையின் கை தாராளமாக உள்ளே போகும். அரை அங்குல வலையில் கை போகாது, நகம் போகும். அதனால் வெளியே இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு வலை. கூண்டுக் கால்களை எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு முடுக்கியாயிற்று, பூனை மேலே குதித்தால் குப்புறச் சாயாதிருக்க.

ஹாம்ஸ்டருக்கு நான்கடிக்கு ஒன்றரை அடி கண்ணாடித் தொட்டி. மேலே முழுக்கக் கால் அங்குலக் கண்ணி வலை, நாலு பக்கமும் கிளிப். கண்ணாடி மூடி போட்டால் அது அடுப்பு. அச்சில்லாத காகிதக் கீற்று ஓர் அடி ஆழத்துக்குப் பாதி தொட்டியில், வளை தோண்ட. சக்கரம் சிரியன் வகைக்கு 28 சென்டிமீட்டர், குள்ள வகைக்கு 20. சக்கரம் ராத்திரி கடகடத்தால் பூனை வாசலை விட்டு நகராது, அச்சில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும்.

பிளாஸ்டிக் உருண்டைக்குள் ஹாம்ஸ்டரைப் போட்டுத் தரையில் விடுவதை இந்த வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது. நாய்க்கு அது பந்து.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆணி ஏற்பாடு. அரங்கு வாசலில் ஒரே ஆணி. கூண்டுச் சாவியும் நாய்ச்சங்கிலியும் அதில்தான் தொங்கும், சாவி முதலில், சங்கிலி அதன் மேல். சங்கிலி ஆணியில் கிடந்தால் நாய் அவிழ்ந்து திரிகிறது என்று பொருள். அதை எடுத்து நாயைக் கட்டாமல் சாவி கைக்கு வராது. பூனைக்குச் சங்கிலி இல்லை. அதை வேறு அறையில் கண்ணால் பார்த்து, கதவைச் சாத்திய பிறகே வலைக்கதவைத் திறக்க வேண்டும். "மாடியிலதான் இருக்கும்" என்பது கணக்கில் சேராது.

வேலை வரிசை: காலையில் முதலில் கினிப்பிக், அடுத்து ஹாம்ஸ்டர், கடைசியில் நாயும் பூனையும். நாயின் தொண்டையில் நோய்க்குறி ஏதும் காட்டாமல் இருக்கும் போர்டெடெல்லா கிருமி கினிப்பிக்குக்குப் போனால் நிமோனியா. வரிசை மாறினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையையும் மாற்ற வேண்டும்.

மே 5, திங்கள்

நேற்று அக்கினி நட்சத்திரம் தொடங்கிற்று. மதியம் இரண்டு மணிக்கு அரங்கில் 33 டிகிரி. மின்விசிறி மட்டும் பயன்படாது, வேர்க்காத உடம்புக்குச் சூடான காற்றைத்தான் வீசும். செய்தது: வலைக்கதவின் மேல்பாதியில் நனைத்த கோணிச்சாக்கு, அதற்கு வெளியே விசிறி. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துண்டு சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில். ஒரு மூலையில் மட்டும்; வேண்டாமென்றால் விலகிப்போக இடம் வேண்டும். ஹாம்ஸ்டருக்குக் கவிழ்த்த மண்சட்டி, விளிம்பில் வாசல் உடைத்தது. மூன்றரை மணிக்கு அரங்கில் 29 டிகிரி.

மூச்சு வாங்கி, எச்சில் வடிந்து, பக்கவாட்டில் சாய்ந்தால் வெக்கை தாக்கிவிட்டது என்று அறியலாம். காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து உடனே மருத்துவரிடம். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மே 17, சனி

பூனையின் கடி, கீறல் பற்றி. ஊசிமுனை அளவு காயமானாலும் அன்றைக்கே மருத்துவம். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி சின்ன உடம்பில் சீக்கிரம் ரத்தத்தில் பரவும். ரோமத்தை எதிர்த்து ஊதிப் பார்த்தால்தான் துளை தெரியும். வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கினிப்பிக்குக்கும் ஹாம்ஸ்டருக்கும் அது குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, பேதியில் கொன்றுவிடும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வழியை இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எலிவிஷக் கட்டியும் இந்த வீட்டுக்கு ஆகாது. விஷம் தின்ற வீட்டெலியைப் பூனை தின்றால் அதற்கும் ரத்தம் கசியும்.

ஜூன் 22, ஞாயிறு

கார் பருவ நெல் நடவு தொடங்கும் நேரம். வரப்பு அருகம்புல்லை இனி அறுக்கக் கூடாது, மருந்தடிப்பு உண்டு. மருந்து படாத புறவாசல் புல் மட்டும், அலசி, நிழலில் உலர்த்தி. தீனியில் பெரும்பங்கு காய்ந்த புல்தான். வைக்கோல் படுக்கைக்குச் சரி, சத்துக்கு ஆகாது. வைட்டமின் சி கினிப்பிக்கின் உடம்பில் ஊறாது. எனவே தினம் ஒரு கீற்று நெல்லிக்காய் அல்லது கொய்யாத்துண்டு. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும்.

ஆனிக்காற்று புழுதியை வாரி வருகிறது. கோணிச்சாக்கைத் தினம் அலசாவிட்டால் அந்தப் புழுதியெல்லாம் கூண்டுக்குள் இறங்கித் தும்மல் வரும்.

ஜூலை 6, ஞாயிறு

அடுக்களைத் தராசில் எடை: பெரியது 910 கிராம், சின்னது 845. சின்னது போன வாரத்தைவிட 20 கிராம் குறைவு. 50 குறைந்தால் மருத்துவர். கீழ்க்கொண்டியின் திருகாணி ஒன்று இளகியிருக்கிறது, நாய் முட்டியதுதான். அரை அங்குலம் நீளமானதாக மாற்றியாயிற்று.