ஆறு இலக்கங்களும் அரை நிமிடமும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் சின்னம்மாவின் வட்ஸ்அப் கணக்கு, சென்ற மாதம் ஒரே தொலைபேசி அழைப்பில் பறிபோனது. பரிசு விழுந்திருப்பதாகச் சொன்னவன், "இப்போது ஒரு இலக்கம் வரும், அதை வாசித்துச் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டிருக்கிறான். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் களைத்து வந்திருந்த சின்னம்மா, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டார். அன்றிரவே கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயரில் பணம் கேட்டுச் செய்தி போயிற்று.

இப்படித் தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க ஒருமுறை கடவுச்சொல்லால் (OTP) பயனில்லை என்று உறவினர் பலர் அப்போது பேசிக்கொண்டார்கள்; நான் அதை ஏற்கவில்லை. வழக்கமான கடவுச்சொல் ஒருமுறை கசிந்துவிட்டால், அதை மாற்றும்வரை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் பயன்படுத்தலாம். இதுவோ ஒரு தடவைக்கு மட்டும், அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும். பத்து இலட்சம் சாத்தியங்களில் ஒன்றை ஊகிக்கலாமென்றால், சில தவறான முயற்சிகளிலேயே வழி அடைபட்டுவிடும். சின்னம்மா வாய் திறக்கும்வரை அந்தத் திருடனால் உள்ளே நுழைய முடியவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

எங்கள் மலைப்பக்கத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், சிக்னல் கிடைக்காததால் கோயில் வளைவுவரை ஏறினால்தான் குறுஞ்செய்தி வரும். இறங்கி வந்து தட்டுவதற்குள் அது காலாவதியாகிவிடும். ஆகவே, அதற்கு வசதியுள்ள கணக்குகளுக்கெல்லாம் நான் கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற செயலியையே பரிந்துரைக்கிறேன். தொடக்கத்தில் கியூஆர் குறியீட்டை வருடும்போது ஓர் இரகசியச் சாவி தொலைபேசியில் பதிவாகிறது. பிறகு 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நேரத்தை 30 விநாடித் துண்டுகளாக எண்ணி, அந்த எண்ணிக்கையையும் சாவியையும் சேர்த்து, தொலைபேசியும் சேவை வழங்கியின் கணினியும் தனித்தனியே ஒரே ஆறு இலக்கத்தைக் கணித்துக்கொள்கின்றன. 2011இல் வகுக்கப்பட்ட இந்த முறைக்குச் சிக்னல் தேவையில்லை, தொலைபேசியின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். இன்னொருவர் ஏமாற்றி நம் எண்ணுக்கு வேறு சிம் எடுத்தாலும் இந்த இலக்கம் அவர் கைக்குப் போகாது. ஆனால், போலித் தளத்தில் நாமே தட்டிக் கொடுத்தால் இதுவும் காப்பாற்றாது.

சின்னம்மாவின் கணக்கை மீட்கக் கோயில் வளைவில் நின்று, அவர் எண்ணையே மீண்டும் பதிந்தோம். புதிய ஆறு இலக்கத்தைத் தட்டியதுமே திருடன் வெளியேற்றப்பட்டான். அவன் இரண்டாம் கட்டப் பாதுகாப்புக்கான பின் (PIN) இலக்கமொன்றைப் போட்டு வைத்திருந்ததால், நாங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேர்ந்தது. எட்டாம் நாள் சின்னம்மா தமக்கென ஒரு பின் இலக்கத்தைப் போட்டபோது, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியாதபடி திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.