லெம்மியில் ஒயினுக்கு ஒரு தமிழ்க் குழு: நான்கு மாதம் ஆகிறது

ஒயின் குடித்துப் பார்த்துவிட்டு அதன் ருசியைப் பற்றித் தமிழில் பேச ஓர் இடம் வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பெங்களூருவில் இருக்கிறேன், நந்தி மலைப் பக்கம் போனால் திராட்சைத் தோட்டமே இருக்கிறது, ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். அதனால் லெம்மி என்ற இணைய விவாதத் தளத்தில் ஒரு குழு தொடங்கினேன். அங்கே மொத்தத்துக்கும் ஒரே முதலாளி என்று யாரும் கிடையாது. ஆங்காங்கே பலர் நடத்தும் சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, ஒன்றில் கணக்கு இருந்தால் இன்னொன்றில் இருக்கும் குழுவிலும் எழுதலாம்.

குழு தொடங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் முதல் மூன்று வாரம் ஆளே வரவில்லை. வேறு சர்வரில் இருந்த நண்பர் தேடிப் பார்த்து "அப்படி ஒரு குழுவே இல்லையே" என்றார். அப்புறம்தான் புரிந்தது: அந்த சர்வரில் இருக்கும் ஒருவராவது நம் குழுவின் முழு முகவரியைத் தேடல் பெட்டியில் போட்டு, உள்ளே வந்து சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் நம் பதிவுகள் அங்கே போகத் தொடங்கும். பழைய பதிவுகளில் சில போயின, அவற்றின் கீழ் நடந்த பேச்சு போகவில்லை. சரி என்று, தெரிந்தவர்களில் ஒரு சர்வருக்கு ஒருவராகப் பிடித்து முகவரியை அனுப்பினேன்.

இரண்டாம் மாதம் எங்கள் சர்வரையே மூடப்போவதாக அறிவித்தார்கள். லெம்மியில் குழுவை அப்படியே தூக்கி வேறு சர்வருக்கு மாற்ற வழி இல்லை. புதிதாகத் திறந்து, இருந்த 19 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன், 14 பேர் வந்தார்கள். இப்போது முக்கியமான குறிப்புகளைத் தனியாக ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

குழுவுக்கு உயிர் வந்தது சொற்களால்தான். முதலில் நானே ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த வர்ணனைகளைத் தமிழில் எழுதிப் போட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் ஒன்றை வைத்துக்கொண்டு, "குடித்ததும் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிக்கிறதே, வேறு எதில் இப்படி இருந்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். வாழைப்பூ, பால் விடாத கெட்டித் தேநீர், கடுக்காய், சரியாகப் பழுக்காத நாவல்பழம் என்று அன்று ராத்திரியே பதினொரு பதில். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலைதான் அது. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வைத்திருக்கிற மொழியில் அதற்கு வேறு சொல் தேட வேண்டியதே இல்லை.

தேனிக்காரர் ஒருவர் சொன்னது இன்னும் பிடித்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றதே, அது மஸ்கட் ஹாம்பர்க் வகை. மஸ்கட் திராட்சைகளின் வாசனையில் ஜெரானியால் என்ற மணப்பொருள் உண்டு, ரோஜாவிலும் அது உண்டு. தோட்டத்துக்காரர்கள் முகர்ந்து பார்த்தே பன்னீர் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதை மூன்று முறை படித்தேன்.

இப்போது 41 பேர். வரும் சனிக்கிழமை எல்லோரும் அவரவர் ஊரிலேயே நாசிக்கில் செய்த ஷெனான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கப்போகிறோம். புளிப்பை எந்தப் புளிப்பு என்று எழுத வேண்டும்: மாங்காயா, எலுமிச்சையா, புளியா, மோரா.