உறங்கும் கருவியின் அமைப்புகளைத் தொலைவிலிருந்து மாற்றுதல்

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வட்டாரத்து டுரியான் தோட்டங்களில், தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளந்து அனுப்பும் சிறு கருவிகளைப் பராமரிப்பதில் எனக்கும் பங்குண்டு. ஒரு கருவியின் அமைப்பை மாற்ற ஒவ்வொரு முறையும் துன் சார்டோன் சாலையின் வளைவுகளைக் கடந்து, சேற்றுச் சரிவில் ஏறிச் செல்வது இயலாத காரியம் என்பதால், பாயான் லெப்பாஸில் இருந்தபடியே அந்த மாற்றங்களைச் செய்கிறோம்.

இக்கருவிகளுக்குள் இருப்பது மின்கலத்தில் இயங்கும் லோராவான் மாட்யூல், அதாவது குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குச் சிறு செய்திகளை அனுப்பும் ரேடியோப் பகுதி; மலேசியாவில் இதற்குரிய அலைவரிசை 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் வரை. மின்கலம் பல ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்பதால், மாட்யூல் பெரும்பாலான நேரம் உறங்குகிறது, உறங்கும்போது அதன் ரேடியோ எதையும் கேட்பதில்லை. இப்படி உறங்கி விழிக்கும் ஏ வகுப்புக் கருவி ஒரு செய்தியை அனுப்பி முடித்த பிறகு, இயல்பாக 1 வினாடி கழித்து ஒரு முறையும் 2 வினாடி கழித்து மறுமுறையும் சிறிது நேரம் செவி திறக்கும். நாம் தரும் கட்டளை அதுவரை சர்வரின் வரிசையில் காத்திருந்து, அந்த இடைவெளியில்தான் கேட்வே (கருவிகளையும் சர்வரையும் இணைக்கும் ரேடியோ நிலையம்) வழியாகச் செல்கிறது. ஆகவே, மாற்றம் எப்போது போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது நாம் பொத்தானை அழுத்தும் நேரமன்று, கருவி அடுத்து விழிக்கும் நேரம்.

இதனால் எல்லா அமைப்புகளிலும் அதிகக் கவனம் கோருவது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற அமைப்பே. 15 நிமிடமாக இருந்ததை 24 மணி நேரமாக மாற்றினால், அந்த மாற்றம் கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடும். அதைத் திரும்பப் பெறுவதற்கோ ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும், அந்த ஒரு செய்தியும் வழியில் தொலைந்தால் இன்னொரு நாள். மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் தொட்டி விரைவாக வற்றும்போது இந்தக் காத்திருப்பு தோட்டக்காரருக்கு உண்மையான இழப்பு.

மின்கலத்தைச் சேமிக்கத்தானே இடைவெளியை நீட்டுகிறோம் என்று கேட்கலாம்; கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறக்கத்தில் 5 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும் மாட்யூல், நாளொன்றுக்கு 120 மைக்ரோ ஆம்பியர் மணி செலவிடும். 40 மில்லி ஆம்பியரில் 0.4 வினாடி நீளும் ஒரு செய்திக்கு ஏறத்தாழ 4.4 மைக்ரோ ஆம்பியர் மணி ஆகும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 96 செய்திகள், சுமார் 427 மைக்ரோ ஆம்பியர் மணி. 6 மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 4 செய்திகள், 18 மைக்ரோ ஆம்பியர் மணி மட்டுமே. அதற்கு மேல் 24 மணி நேரமாக நீட்டினால் மிச்சமாவது வெறும் 13. உறக்கச் செலவோ அப்படியே நிற்கிறது. எனவே செப்டம்பர், அக்டோபர் மழைக்காலத்திலும் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மேலும், இவற்றில் பரவலாகப் பயன்படும் லித்தியம் தயோனைல் குளோரைடு மின்கலம் நெடுநேரம் சும்மா கிடந்தால் உள்ளே ஒரு படலம் படிந்து, விழிக்கும் கணத்தில் மின்னழுத்தம் சரியும்; நீண்ட உறக்கத்துக்கு அந்த விலையும் உண்டு.

கட்டளை கிடைத்தது என்று கருவி ஒப்புகை அனுப்பினால், செய்தி சேர்ந்தது என்பது மட்டுமே அதன் பொருள். அமைப்பு மாறிவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. மதிப்பு வரம்புக்கு வெளியே இருந்ததால் மாட்யூல் அதை ஒதுக்கியிருக்கலாம், நினைவகத்தில் எழுதும் முன் மீண்டும் தொடங்கியிருக்கலாம். ஆகவே நடப்பிலுள்ள மதிப்பையே அடுத்த செய்தியில் திருப்பிச் சொல்லும்படி மென்பொருளை எழுத வேண்டும். ஒப்புகை கேட்கும் கட்டளைகளை எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வேளையில் குவிப்பதும் நல்லதன்று. கேட்வே தான் பேசும்போது மற்றக் கருவிகளின் குரலைக் கேட்க முடியாது.

ரேடியோ சார்ந்த அமைப்புகள் இன்னும் ஆபத்தானவை. சேனலையோ வேகத்தையோ தவறாக மாற்றினால், திருத்தம் அனுப்பும் வழியே அடைபடும். இதற்கு நான் நம்பும் ஏற்பாடு, புதிய மதிப்பைச் சோதனையாக மட்டும் ஏற்பது: கருவி இணைப்புச் சரிபார்ப்புக் கேள்வியை அனுப்பி, சில முயற்சிகளுக்குள் பதில் வராவிட்டால் தானாகவே பழைய மதிப்புக்குத் திரும்ப வேண்டும். இந்த வசதி இல்லாத மாட்யூலில் ரேடியோ அமைப்பைத் தொலைவிலிருந்து தொடவே கூடாது என்பது என் கருத்து.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பல மாட்யூல்களில் காந்தத்தை அருகில் காட்டினால் உடனே ஒரு செய்தி அனுப்பும் சுவிட்ச் இருக்கும். தோட்டத்தில் இருக்கும் ஐயாவை அழைத்து, "காந்தத்த ஒரு தடவ காட்டுங்கய்யா" என்று கேட்டால் போதும். ஆனால், கட்டளையைச் சர்வரின் வரிசையில் முதலில் வைத்துவிட்டு அதன் பின்னரே அவரை அழைக்க வேண்டும். அவர் காந்தத்தைக் காட்டிய பிறகு தட்டச்சு செய்யத் தொடங்கினால், அந்த 2 வினாடி அதற்குள் கடந்திருக்கும்.