வாக்கியக் கடைசியில் ஓர் ஆல்ரெடி

ஆல்ரெடி என்றால் ஏற்கனவே என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் தப்பும் இல்லை. 'ஐ ஹாவ் ஆல்ரெடி பெய்ட்' என்றால் ஏற்கனவே பணம் கட்டிவிட்டேன். ஆனால் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் கொஞ்சம் தாமதமாகப் போய் மட்டன் பிரியாணி கேட்டுப் பாருங்கள். 'ஃபினிஷ் ஆல்ரெடி' என்பார்கள். இதில் ஏற்கனவே எங்கே இருக்கிறது? கடைக்காரர் சொல்வது 'முடிஞ்சிருச்சு', அவ்வளவுதான்.

சிங்கப்பூர் ஆல்ரெடிக்கு வேலையே வேறு. முன்பு ஒரு மாதிரி இருந்தது, இப்போது மாறிவிட்டது என்று காட்டுவதுதான் அதன் வேலை. 'ரெயின் ஆல்ரெடி' என்று ஒருவர் சொல்லும்போது மழை பெய்துகொண்டுதான் இருக்கும், நின்றுவிட்டது என்று குடையை மடக்கினால் நனைய வேண்டியதுதான். 'மை சன் கோ ஸ்கூல் ஆல்ரெடி' இன்னும் வேடிக்கை: பையன் காலையில் கிளம்பிப் போய்விட்டான் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பள்ளிக்குப் போகிற வயசு வந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம், எது என்பதைப் பேசுகிற இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் 'டோன்ட் வான்ட் ஆல்ரெடி'. இவ்வளவு நேரம் வேண்டும் என்று இருந்தவர் இப்போது மனசு மாறி இனி வேண்டாம் என்கிறார். பிரிட்டிஷ்காரராக இருந்தால் இங்கே எனிமோர் போட்டிருப்பார்.

இதெல்லாம் சீனத்தின் 'லே', ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியின் 'லியாவ்' போன்ற சொற்களின் சாயல் என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள், மலாய் 'சுடா'வும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. நமக்கும் இது சுலபமாக வாயில் வந்துவிடுகிறது, ஏனென்றால் தமிழிலும் வினையின் வாலில்தான் விஷயமே இருக்கிறது. 'ஈட் ஆல்ரெடி?' என்பது அப்படியே நம் 'சாப்பிட்டாச்சா?'தான்.

2000இல் சிங்கப்பூரில் நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள். தேர்வுத்தாளில் 'ஐ ஃபினிஷ் ஆல்ரெடி' என்று எழுதினால் மதிப்பெண் போகும், அதில் சந்தேகமில்லை. அதற்காகப் பிள்ளை வீட்டில் இப்படிப் பேசும்போதெல்லாம் அதட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 'முடிச்சிட்டேன்' என்பதில் உள்ள அந்த 'ட்டேன்', எழுத்து ஆங்கிலத்தில் 'ஹாவ் ஃபினிஷ்ட்' என்று வரும் என்று ஒரு தடவை காட்டினால் போதும், அதற்கு ஆல்ரெடியே தேவையில்லை. அமெரிக்கர்கள் ஹாவ் கூட இல்லாமல் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், 'போதும், நிறுத்து' என்ற பொருளில் அவர்கள் சொல்லும் 'இனஃப் ஆல்ரெடி' ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி வழியாக வந்தது, அதை யாரும் அதட்டுவதில்லை!

புதிதாக இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு ஒன்று: 'ஈட் ஆல்ரெடி?' என்று சக ஊழியர் கேட்டால் வெறும் 'நோ' என்று நிறுத்தாமல் 'நாட் யெட்' அல்லது 'ஹாவன்ட்' என்று சொல்லுங்கள், கூடச் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.