மருந்துக்கடை போதும்னு ஏன் முடிவு பண்ணுனேன்

டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் டிப்ளமோ 2 வருஷம், அப்புறம் 500 மணி நேரம் ட்ரெய்னிங், பார்மசி கவுன்சில்ல பதிவு, எல்லாம் முடிச்சப்ப வீட்ல கல்ஃபுக்கு போன்னுதான் சொன்னாங்க, நான் தக்கலை பக்கம் ஒரு சின்ன மருந்துக்கடையில சேர்ந்துட்டேன். காரணம் ட்ரெய்னிங்ல பாத்த ஒரு ஆச்சி. தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் காலைல ஒண்ணா முழுங்கிட்டு, டோஸ் கூட்டியும் கேக்கலயேன்னு அவ்வளவு வருத்தப்பட்டாங்க. கால்சியம் கூடவே போனா தைராய்டு மருந்து உடம்புல சரியா சேராது. "ஆச்சி, தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல போடுங்க, கால்சியம் 4 மணி நேரம் கழிச்சு"ன்னு கவர்ல பெருசா எழுதிக் குடுத்தேன். ரெண்டு மாசத்துல ஒரு சீப்பு மட்டிப்பழத்தோட வந்து நின்னாங்க, டெஸ்ட் நார்மல் மக்களேன்னு. டாக்டர்கிட்ட கேக்க கூச்சப்படுறத ஜனங்க மருந்துக்கடைல எங்ககிட்ட தயங்காம கேப்பாங்க, எனக்கு அதுதான் பெருசு.